அந்தும் அகழெலியும்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உயிரியல் பாடநூலும் துணைநூலும் எழுதுகிற, கலைச்சொல் ஆக்குகிற பெரியோர்களுக்கு,

வணக்கம். நான் தேனி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சென்ற பருவத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் கையில் இருந்த ஒரு துணைநூலில் இப்படி ஒரு பயிற்சி இருந்தது: ‘அந்துப்பூச்சி, அகழெலி ஆகிய இரண்டின் வகைப்பாட்டையும் பாதுகாப்பு நிலையையும் ஒப்பிடுக.’ நூலின் கடைசியில் விடையும் கொடுத்திருந்தார்கள். அந்துப்பூச்சி கணுக்காலி, பூச்சி வகுப்பு, அழியும் ஆபத்து இல்லை. அகழெலி முதுகுநாணி, பாலூட்டி, கொறித்துண்ணி, அழியும் ஆபத்து இல்லை.

பக்கத்திலேயே இரண்டு படங்கள். அகழெலி படத்தைப் பார்த்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: ‘டீச்சர், எங்க அப்பா வரப்புல பொறி வச்சுப் பிடிக்கிறது அகழான். அதுக்கு வால் நீளமா இருக்கும், காது இருக்கும். இதுக்குக் காதையே காணோம், கை மண்வெட்டி மாதிரி இருக்கு. இது எப்படி டீச்சர் எலி?’

அவள் கேட்டது சரி, நூல் சொன்னது தவறு. அந்தத் தவறு ஒரு நூலோடு நிற்பதில்லை, நம் கலைச்சொல்லிலேயே ஊறிக் கிடக்கிறது. அதனால்தான் அந்தப் பதிப்பகத்துக்குத் தனியே எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் அகழெலி. எங்கள் பக்கம் அகழான், அகழெலி என்றால் வயல் வரப்பைக் குடைகிற எலிதான். கதிரை அறுத்து வளைக்குள் இழுத்துப்போய்ச் சேர்த்து வைக்கும். அறுவடை முடிந்ததும் வளையை வெட்டினால் படி படியாக நெல் கிடைக்கும். அது அசல் எலி. ஆங்கிலத்தில் ‘மோல்’ என்று சொல்லும் பிராணிக்குத் தமிழ்ப் பெயர் தேடியபோது, ‘மண்ணைத் தோண்டுகிறது, எலி அளவு இருக்கிறது’ என்று இந்தப் பெயரையே எடுத்து ஒட்டிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பிராணி கிடையாது. இந்தியாவில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங் பக்கமோ அசாம், மேகாலயாப் பக்கமோ போக வேண்டும். பார்த்திராத பிராணிக்குக் கையில் கிடைத்த பெயரை வைத்ததில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயரை நம்பி ‘கொறித்துண்ணி’ என்று வகைப்பாட்டுக் கட்டத்தில் எழுதினால் அது பொய்யாகிவிடுகிறது.

எலியின் வாயைத் திறந்து பார்த்தால் முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள். அவை சாகும்வரை வளரும், கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோரைப்பல் கிடையாது. மொத்தம் 16 பல். ஐரோப்பாவில் வாழும் டால்பா யூரோபேயா என்ற மோலுக்கு 44 பல். கோரைப்பல் உண்டு, எல்லாம் கூர். அது தானியத்தைத் தொடாது. மண்புழுதான் அதற்குச் சோறு. பிடித்த புழுக்களின் தலைப்பக்கத்தைக் கடித்து, சாகாமலும் நகர முடியாமலும் செய்து, வளைக்குள் ஓர் அறையில் சேர்த்து வைக்கும். எலி நெல் சேர்ப்பதும் இது உயிருள்ள புழு சேர்ப்பதும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே வேலையாகத் தெரியலாம். பல்லைப் பார்த்தவர் ஏமாற மாட்டார். உயிரினங்களை வகைப்படுத்தும் முறைக்கு அடித்தளம் போட்ட லின்னேயஸ்கூட ஏமாறவில்லை. 1758-இல் வந்த தன் நூலில் எலியைக் கொறிப்பவற்றோடு வைத்துவிட்டு, மோலை முள்ளெலி, மூஞ்சூறு ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தார். அதே வரிசையில் பன்றியையும் சேர்த்திருந்தார் என்பது வேறு விஷயம். எலியோடு மட்டும் சேர்க்கவில்லை. அவர் விலக்கி வைத்ததை இத்தனை ஆண்டு கழித்து நாம் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

இன்றைய வகைப்பாட்டில் அது யூலிபோடிஃப்லா என்ற வரிசையில் இருக்கிறது. டால்பிடே குடும்பம். பழைய நூல்களில் இந்தக் கூட்டத்துக்குப் ‘பூச்சியுண்ணிகள்’ என்று பெயர். அந்தக் கூட்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் வீட்டுச் சமையலறைச் சுவரோரம் இரவில் ‘கீச் கீச்’ என்று ஓடி, ஒரு வாடையை விட்டுவிட்டுப் போகிற மூஞ்சூறு. பிள்ளையாரின் காலடியில் உட்கார்ந்திருக்கிற அதே மூஞ்சூறு. அடுத்து, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரியிலும் முட்காட்டிலும் இரவில் திரிகிற முள்ளெலி. தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத வகை அது. குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தால் அதன் முள்ளைச் சுட்டுக் கொடுக்கிற பழக்கம் தெற்கே இருந்தது, அதற்காகவே பிடித்தார்கள். இப்போது சாலையில் அடிபட்டும் சாகிறது. பெயரில் எலி இருந்தாலும் எலி இனம் இல்லை. ஆக, ‘மோல்’ என்பதன் சொந்தக்காரர்கள் நம் வீட்டிலும் காட்டிலும் இருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு அதை விளக்குவதற்கு இதைவிட நல்ல வழி இருக்கிறதா? அந்த வாய்ப்பைக் ‘கொறித்துண்ணி’ என்ற ஒரு சொல்லால் கெடுத்துவிட்டோம்.

என் யோசனை: அதை மண்மூஞ்சூறு என்று சொல்வோம். நீண்ட மூக்கும், புழுபூச்சி தின்பதும், உறவும் எல்லாம் அந்தப் பெயரிலேயே வந்துவிடும். இதைவிட நல்ல பெயர் உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். எலி மட்டும் வேண்டாம்.

எலி என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு சட்டப் பொருளும் இருந்தது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, தீங்குயிர்களின் பட்டியல். காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி எல்லாம் அதில் இருந்தன. யாரும் கொல்லலாம், கேட்பாரில்லை. 2022-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. சட்டத்திலிருந்து எடுத்தாலும் மனதிலிருந்து எடுக்க நாளாகும். ‘எலி’ என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், ‘அது போனால் என்ன’ என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம்.

மண்ணைத் தோண்டுகிற கை ஒரே குடும்பத்தின் சொத்து இல்லை என்பதை வகுப்பில் நான் வேறு விதமாகக் காட்டுவேன். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மாலை, பள்ளித் தோட்டத்தில் பிள்ளைப்பூச்சி கிடைக்கும். அதை ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடச் சொல்வேன். இரண்டு நொடியில் அந்தப் பிள்ளை ‘ஐயோ’ என்று கத்துவாள். கடிக்காது, ஆனால் அந்த முன்னங்கால் இரண்டும் விரலுக்கும் விரலுக்கும் நடுவில் புகுந்து நெம்பும். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பூச்சி நம் விரலை விலக்குகிறது! பிள்ளைப்பூச்சியை மடியில் கட்டிக்கொண்ட கதை என்று ஏன் சொன்னார்கள் என்பது அப்போதுதான் புரியும். அகலமான, பல் பல்லாக வெட்டிய அந்தக் காலையும் நூலில் இருக்கும் மண்மூஞ்சூற்றின் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கொல்லன் அடித்தது போலிருக்கும். ஒன்று பூச்சி, மற்றது பாலூட்டி. அந்தப் பூச்சியின் அறிவியல் பெயரான கிரில்லோடால்பா என்பதிலேயே ‘டால்பா’, அதாவது மோல், ஒளிந்திருக்கிறது.

ஆப்பிரிக்காவின் தெற்கே ‘தங்க மோல்’ என்று ஒரு கூட்டம் இருக்கிறது. உடம்பு அதே மாதிரி, வாழ்க்கை அதே மாதிரி. ஆனால் வம்சத்தில் அது யானைக்கு நெருக்கம், மூஞ்சூறுக்குத் தூரம். ஆஸ்திரேலியாவின் மணல்வெளியில் இருக்கும் இன்னொரு ‘மோல்’ கங்காருவைப் போலப் பைக்குள் குட்டி வளர்க்கும். ஆங்கிலமும் தோற்றத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறது. நாம் மொழிபெயர்க்கும்போது அந்தக் குழப்பத்தோடு நம் குழப்பத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

இனி அந்து.

என் அப்பா நெல் குதிரைத் திறக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். மூடியைத் தூக்கியதும் வைக்கோல் நிறத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் புகை மாதிரி எழும்பும். கைநிறைய நெல்லை அள்ளி விரலால் கிளறுவார். சில நெல்லில் ஊசியால் குத்தினாற்போல ஒரு வட்டத் துளை. அதை எடுத்து வாயில் போட்டால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் உமி. ‘அந்து விழுந்துருச்சு’ என்பார். நொச்சித் தழையும் வேப்பந்தழையும் கொண்டுவந்து நடுநடுவே போடுவார். அந்து என்றால் அதுதான். ஒரு பூச்சி, ஒரு சேதம், ஒரு வருத்தம்.

அந்தச் சொல்லைத்தான் இன்று உலகத்தில் இருக்கும் ஏறத்தாழ 1,60,000 வகைப் பூச்சிகளுக்குப் பொதுப்பெயராக வைத்திருக்கிறோம். வேளாண்மை அறிவிப்புகளிலும் ‘தாய் அந்துப்பூச்சிகளைக் கவர்ந்து அழிக்க விளக்குப்பொறி வையுங்கள்’ என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். படிக்கிற பிள்ளைக்கு அந்து என்றால் அழிக்க வேண்டியது. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் எடை போடுகிற கூட்டுக்குள் இருப்பதும் அந்துதான் என்று சொன்னால் என் வகுப்பில் யாரும் நம்புவதில்லை. ‘பட்டுப்புழு வேற, அந்து வேற டீச்சர்’ என்கிறார்கள். காஞ்சிபுரத்துச் சேலையை உடுத்துகிறோம், அதை நூற்ற பூச்சியின் குடும்பப் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கிறோம். ஊமத்தம்பூ இரவில் யாருக்காகத் திறக்கிறது? நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துக்காக.

மேகமலையில் ஒரு விடியற்காலை. தேநீர்க் கடைக் குழல்விளக்குக்குக் கீழே சுவரில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அட்லாஸ் அந்து. இரண்டு சிறகையும் விரித்த அகலம் என் கையால் ஒரு சாண் இருந்தது. செங்கல் நிறம். நான்கு சிறகிலும் முக்கோண வடிவில் ஒரு சன்னல், அதில் செதிலே இல்லை, கண்ணாடி போல அந்தப் பக்கத்துச் சுண்ணாம்பு தெரிந்தது. முன்சிறகின் நுனியைத் தனியாகப் பார்த்தால் பாம்பின் தலை. மீசை இரண்டும் இறகு போல அகன்றிருந்தன, அதனால் ஆண். நான் குனிந்து வாயைத் தேடினேன். உண்பதற்கு வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டே ஓரிரு வாரம் வாழ்ந்து, பெண்ணின் மணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, முடிந்துபோகும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் இந்த வகைக்கு டாப்ரொபானிஸ் என்று பெயர். டாப்ரொபேன் என்பது பழைய கிரேக்கர்கள் இலங்கைக்கு வைத்த பெயர். கடைக்காரர் துடைப்பத்தோடு வந்தார். ‘அண்ணே, கொஞ்சம் பொறுங்க’ என்றேன். பொறுத்தார். வெயில் ஏறும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதையும் குதிரில் பறப்பதையும் ஒரே பெயரில் அழைப்பது எனக்கு ஒப்பவில்லை. தானியத்தில் விழுவதற்கு அந்து என்ற பெயர் இருக்கட்டும், அது உழவர் வைத்த துல்லியமான பெயர். பொதுப்பெயராக விட்டில் போதாதா? விளக்கைத் தேடி வருவது என்ற பொருள் நம் எல்லோர் காதிலும் ஏற்கெனவே ஒலிக்கிறது. பழைய வழக்கில் அந்தச் சொல் வெட்டுக்கிளியையும் குறித்ததுண்டு என்பது தெரிந்தேதான் கேட்கிறேன். அதோடு, வண்ணத்துப்பூச்சியும் அந்தும் இரு வேறு இனம் என்று பட்டியல் போடுவதையும் விட்டுவிட வேண்டும். லெபிடாப்டிரா என்ற ஒரே மரத்தில் வண்ணத்துப்பூச்சி ஒரு கிளை, அவ்வளவுதான். மற்ற கிளைகள் எல்லாம் நாம் அந்து என்று ஒதுக்கியவை.

இப்போது அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். பாதுகாப்பு நிலை. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

‘அந்துப்பூச்சி – அழியும் ஆபத்து இல்லை.’ 1,60,000 வகைக்கு ஒரே வரியில் தீர்ப்பு. இது எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐ.யூ.சி.என். அமைப்பு, எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று மதிப்பிட்டுச் சொல்லும் சிவப்புப் பட்டியலை 1964-இலிருந்து நடத்துகிறது. பாலூட்டிகளில் அறியப்பட்டவை ஏறத்தாழ எல்லாவற்றையும் மதிப்பிட்டு விட்டார்கள். பூச்சிகளில், பெயர் வைக்கப்பட்ட 10 லட்சத்துக்கு மேற்பட்ட வகைகளில், நூற்றுக்கு ஒன்றை ஒட்டித்தான் மதிப்பிட்டிருக்கிறார்கள். மேகமலையில் விளக்குக்கு வருபவற்றில் பெரும்பாலானவற்றின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. நூல் எழுதியவர் பட்டியலில் தேடியிருப்பார், கிடைத்திருக்காது, ‘ஆபத்து இல்லை’ என்று எழுதியிருப்பார். மருத்துவரிடம் போகாதவனுக்கு நோயே இல்லை என்று சான்றிதழ் கொடுப்பது போல. ‘மதிப்பிடப்படவில்லை’ என்பது அந்தப் பட்டியலிலேயே தனியாக இருக்கும் ஒரு சொல். ‘போதிய தரவு இல்லை’ என்பது இன்னொன்று. ‘கவலை குறைவு’ என்பது வேறொன்று. இந்த மூன்றையும் பிள்ளைகள் பிரித்தறிய வேண்டும். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

மதிப்பிட்டால் என்ன தெரியவரும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் போகாங் அந்து சாட்சி. இது நம் உருளைக்கிழங்கு வயலில் இரவில் நாற்றின் கழுத்தை வெட்டுகிற வெட்டுப்புழுவின் பேரினமான அக்ரோட்டிஸைச் சேர்ந்தது. அங்கேயும் இதன் புழுவைப் பயிருக்கு எதிரி என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் குவின்ஸ்லாந்து சமவெளியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர்வரை பறந்து தென்கிழக்கு மலைகளுக்குப் போகும். நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை பிடிக்கிறது என்று 2025-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மலைக்குகைச் சுவரில் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கோடையைத் தூங்கிக் கழிக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 17,000. அந்த மண்ணின் பழங்குடி மக்கள் அதற்காகவே மலையேறி விருந்து வைத்தார்கள். இந்த அந்தின் எச்சம் ஒட்டிய, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய அரைக்கல் ஒரு குகையில் கிடைத்திருக்கிறது.

2017-இல் தொடங்கிய வறட்சியில் அந்தக் குகைகள் வெறுமையாயின. 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்று எண்ணியவர்கள் சொன்னார்கள். அதே மலையில் ‘போசம்’ என்று ஒரு குட்டி விலங்கு வாழ்கிறது, எடை 45 கிராம், அதுவும் பையில் குட்டி வளர்க்கும் பாலூட்டி. பனிக்காலம் முழுக்கத் தூங்கி எழுந்ததும் அதற்கு முதல் உணவு இந்த அந்துதான். அந்து வரவில்லை. தாய்மாரின் பைக்குள் இருந்த குட்டிகள் செத்தன. விலங்குக் காட்சியகத்தார் அதற்கென்றே பிஸ்கட் செய்து மலையில் கொண்டுபோய் வைத்தார்கள். 2021 டிசம்பரில் போகாங் அந்து சிவப்புப் பட்டியலில் ‘அருகிய நிலை’ என்று ஏறியது. கோடிக்கணக்கில் பறந்த வெட்டுப்புழு இனம்.

இன்னொன்று திரும்பி வரவே இல்லை. ஃபிஜித் தீவில் தென்னையைச் சூறையாடிய லெவுவானா என்ற நீலநிற அந்து. தேங்காய் அங்கே பிழைப்பு. 1925-இல் மலாயாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணி ஈயைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் தென்னை தப்பியது. இன்று அந்த அந்து சிவப்புப் பட்டியலில் ‘அற்றுப்போனது’. தென்னை வைத்திருக்கிற எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அந்த உழவர்மேல் கோபப்பட மாட்டார்கள், நானும் படவில்லை. ஆனால் ‘அந்துக்கு அழிவே கிடையாது’ என்று யாரும் எழுதக்கூடாது.

மண்மூஞ்சூற்றின் கட்டம்? ஐரோப்பிய வகையும் நம் வடகிழக்கு வகைகளும் ‘கவலை குறைவு’. அது சரி. ஆனால் அதே டால்பிடே குடும்பத்தில், தோண்டுவதை விட்டு நீந்தப் பழகிய டெஸ்மான்கள் இரண்டு உண்டு, ஒன்று ரஷ்யாவில், மற்றது பிரனீஸ் மலைகளில். இரண்டும் அழிவு ஆபத்தில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரையில் டி விண்டன் தங்க மோலைக் கடைசியாகக் கண்டது 1937-இல். போர்ட் நொலோத் கடற்கரையில் ஒரு நாயை மோப்பம் பிடிக்க வைத்து, மணலை அள்ளி, அதில் உதிர்ந்து கிடந்த மரபணுவைப் பரிசோதித்து, அது இன்னும் உயிரோடிருக்கிறது என்று 2023 நவம்பரில் அறிவித்தார்கள். பாலூட்டிக்கு இப்படித் தேடிப் போக ஆள் இருக்கிறார்கள். ஓர் அந்து காணாமல் போனால் யார் நாயோடு போவார்கள்?

பயிற்சியை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நல்ல பயிற்சி அது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பிரிந்த இரண்டு வம்சங்களைப் பக்கம் பக்கமாக வைக்கிறது. இனம் எது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ‘அந்துப்பூச்சி’ என்று எழுதாமல் ‘போகாங்’ என்றோ ‘அட்லாஸ்’ என்றோ எழுதுங்கள், ‘அகழெலி’ என்று எழுதாமல் ‘ஐரோப்பிய மண்மூஞ்சூறு’ என்று எழுதுங்கள். கொறித்துண்ணி என்ற சொல்லை அடித்துவிடுங்கள். பாதுகாப்பு நிலைக்குப் பக்கத்தில் மதிப்பிட்ட ஆண்டையும் போடுங்கள். யாரும் மதிப்பிடவில்லை என்றால் அதையே எழுதுங்கள். பிள்ளைகள் தாங்குவார்கள்.

என் வகுப்பு மாணவிகள் அந்த அட்டவணையைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். கேள்வி கேட்ட பிள்ளை தன் தாளில் கூடுதலாக ஒரு வரிசை போட்டு ‘எங்க வயல் அகழான்’ என்று தனியே எழுதி, அதன் பல்லையும் வரைந்திருக்கிறாள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்குள் உங்களில் யார் கேட்டாலும் அந்தத் தாளை அனுப்பி வைக்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஓர் அறிவியல் ஆசிரியை,
தேனி மாவட்டம்